பனிக்கடியில் பாடுவது யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

துருவக் கடல்களின் ஒலிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வெடல் சீல் (அண்டார்க்டிகக் கடல்நாய் வகை) என்று போட்டு ஒரு ஒலிப்பதிவு கேட்டேன். விண்வெளிப் படத்தில் லேசர் துப்பாக்கி சுடுவதுபோல் ‘ப்யூ… ப்யூ…’ என்கிறது. ஒரு விலங்கின் தொண்டையிலிருந்து இப்படியெல்லாம் சத்தம் வருமா, இல்லை கணினியில் கைவைத்திருக்கிறார்களா?

பதில்: வரும். பெரும்பாலான பதிவுகளில் யாரும் கைவைக்கவில்லை. அண்டார்க்டிகாவின் மக்மர்டோ ஜலசந்திப் பகுதியில் மட்டுமே வெடல் சீலின் குரல்களை 34 வகையாகப் பிரித்து 1982இல் பட்டியலிட்டார்கள். அதில் நீங்கள் கேட்டது ‘டிரில்’ வகை. சில கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் தொடங்கி, சறுக்கிக்கொண்டே சில நூறு ஹெர்ட்ஸுக்கு இறங்கும். நீளமானவை ஒரு நிமிடத்தைத் தொடும். காதுக்கு அது எந்திர ஒலியாகப் படுவதற்குக் காரணம், சுருதி அவ்வளவு சுத்தமாக இறங்குவதுதான். நாம் அன்றாடம் கேட்கும் விலங்குக் குரல்களில் கரகரப்பு கலந்திருக்கும். இதில் அது குறைவு.

டிரில் ஆண்களுடையது. அக்டோபர், நவம்பரில் பெண் சீல்கள் பனியின் மேல் குட்டி போட்டுப் பாலூட்டும்போது, கீழே நீருக்குள் ஆண்கள் மூச்சுத்துளைகளைச் சுற்றி எல்லை பிடித்து வைத்திருக்கும். இணைசேர்வதும் நீருக்கடியில்தான். பனிக்கடியில் பார்வை எட்டும் தூரத்துக்கு அப்பால் உள்ள பெண்ணுக்கும் போட்டி ஆணுக்கும் ‘இது என் இடம்’ என்று தெரிவிக்க ஒலியைவிட நல்ல வழி கிடையாது.

எல்லாரும் வியக்கும் விஷயம் வேறு: இவ்வளவு சத்தத்தையும் ஒரு குமிழிகூட வெளியே விடாமல் எழுப்புகிறது. வாயும் மூக்கும் மூடியிருக்கும். காற்று உடலுக்குள்ளேயே இடம் மாறும். நீருக்கடியில் எடுத்த படங்களைப் பார்த்தால் பாடும் சீலின் தொண்டையும் மார்பும் துடிப்பது தெரியும். மூச்சை அடக்கி முழுகியிருக்கும் விலங்குக்குக் காற்று வீணாவது கட்டுப்படியாகாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2020இல் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மக்மர்டோவில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் ஒன்பது வகைக் குரல்களை அறிவித்தார்கள். அவை மனிதக் காதுக்கு எட்டாது. இணையத்தில் ‘வெடல் சீலின் மீயொலி’ என்று நீங்கள் கேட்பது வேகத்தைக் குறைத்த பதிவாகத்தான் இருக்க முடியும். நான்கு மடங்கு மெதுவாக்கினால் 48 கிலோஹெர்ட்ஸ் 12 கிலோஹெர்ட்ஸாக இறங்கிக் காதுக்குள் வரும். ஒரு நொடிக் குரல் நான்கு நொடியாக நீளும். பதிவின் கீழே ‘வேகம் குறைக்கப்பட்டது’ என்ற குறிப்பு இல்லையென்றால் அந்தப் பதிவை நம்பி நேரத்தையோ சுருதியையோ அளக்காதீர்கள். இன்னொன்று: மீயொலி எழுப்புகிறது என்பதாலேயே வௌவால்போல் எதிரொலி வைத்து இரை தேடுகிறது என்று முடிவுகட்ட முடியாது. அது தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயம்.

கேள்வி: வெடல் சீலின் குரல் 193 டெசிபெல் என்று படித்தேன். ஜெட் விமானமே 140தானே! அப்படியென்றால் சீல் விமானத்தைவிடச் சத்தமா?

பதில்: இல்லை. நீரின் டெசிபெல்லும் காற்றின் டெசிபெல்லும் வெவ்வேறு பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகின்றன. காற்றில் அடிப்படை அழுத்தம் 20 மைக்ரோபாஸ்கல், நீரில் 1 மைக்ரோபாஸ்கல். இதனால் மட்டும் 26 டெசிபெல் வித்தியாசம். அடுத்து, நீரின் அடர்த்தியும் ஒலிவேகமும் அதிகம் என்பதால் அதே அழுத்தத்துக்கு ஒலி சுமக்கும் ஆற்றல் மிகக் குறைவு; அதற்கு 35, 36 டெசிபெல் போகும். ஆக, நீர் எண்ணிலிருந்து ஏறத்தாழ 61, 62 கழித்தால்தான் காற்று எண்ணோடு ஒப்பிடலாம். 193 என்பது 131, 132 ஆகிவிடும். அதுவும் சீலிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்ட உச்ச அளவு; எல்லாக் குரலும் அந்த அளவுக்குப் போவதில்லை. ஒலி எல்லாப் பக்கமும் கோளமாகப் பரவுவதாக வைத்தால், 1 கிலோமீட்டரில் 60 டெசிபெல் குறைந்துவிடும். அடிப்படை அழுத்தத்தையும் தூரத்தையும் குறிப்பிடாத டெசிபெல் எண்ணை எங்கே பார்த்தாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: துருவக் கடலில் ஒலி அதிக தூரம் போகும் என்கிறார்கள். குளிர்நீரில் ஒலியின் வேகம் குறையும் என்றும் படித்திருக்கிறேன். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

பதில்: வேகம் குறைவதால் தூரம் குறையாது. ஒலி எந்தப் பக்கம் வளைகிறது என்பதே தூரத்தைத் தீர்மானிக்கிறது. உறைநிலையை ஒட்டிய, மைனஸ் 1.8 டிகிரிக் கடல்நீரில் மேற்பரப்பில் ஒலிவேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,440 மீட்டர். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் அது 1,540 மீட்டரை ஒட்டி இருக்கும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த நீர்ப்பகுதியை நோக்கி வளையும். வெப்பமான கடல்களில் மேலே சூடு, ஆழத்தில் அழுத்தம். இரண்டும் வேகத்தைக் கூட்டுவதால், வேகம் குறைந்த அடுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும். துருவத்தில் மேற்பரப்பே மிகக் குளிர்ந்தது. அங்கிருந்து கீழே போகப்போக அழுத்தத்தால் வேகம் கூடுவதால், அந்த அடுக்கு மேலே வந்து பனியின் அடிப்பரப்போடு ஒட்டிக்கொள்கிறது. கீழ்நோக்கிப் போன ஒலியும் திரும்ப மேலே வளையும், பனியில் மோதும், மறுபடி கீழே போகும்.

இங்கேதான் அதிர்வெண் முக்கியமாகிறது. பனியின் அடிப்பரப்பு மேடுபள்ளமானது. ஒவ்வொரு மோதலிலும் உயர் அதிர்வெண் சிதறிக் காணாமல் போகும். நீண்ட அலைகொண்ட தாழ் அதிர்வெண் அதைப் பொருட்படுத்தாது. அதனால் 27 ஹெர்ட்ஸை ஒட்டிய அண்டார்க்டிக் நீலத்திமிங்கிலத்தின் குரல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும்; அதே பனிக்கடியில் சீலின் 10 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலி சில கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். கோடையில் பனி உருகி மேலே இளஞ்சூடான, உப்புக் குறைந்த நீர் படிந்தால் இந்தக் கணக்கு மாறும். ஒரே இடத்தில் நவம்பரில் கேட்ட தூரம் பிப்ரவரியில் கேட்காது.

கேள்வி: எங்கள் குழு கடல் பனியில் துளையிட்டு ஹைட்ரோபோன் (நீருக்கடியில் ஒலி பிடிக்கும் மைக்) இறக்கப்போகிறது. என்னென்ன கவனிக்க வேண்டும்? முன்பு சென்ற குழுவின் பதிவில் பாதி வெறும் இரைச்சல்.

பதில்: இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒலிமட்டம். புதிதாகப் போகிறவர்கள் ‘மெல்லிய ஒலியும் விழ வேண்டும்’ என்று பெருக்கத்தை ஏற்றிவைப்பார்கள். கடைசியில் அருகில் வந்த ஒரே சீல் பதிவையே நாசமாக்கிவிடும். கணக்கைப் பாருங்கள். 193 டெசிபெல் குரல், 10 மீட்டரில் 173. உங்கள் ஹைட்ரோபோனின் உணர்திறன், அதன் முன்பெருக்கியையும் சேர்த்து, மைனஸ் 165 டெசிபெல் என்றால் வெளியே வருவது, 1 வோல்ட்டை அடிப்படையாக வைத்து, பிளஸ் 8 டெசிபெல், அதாவது 2.5 வோல்ட். ரெக்கார்டர் தாங்குவது 1 வோல்ட் என்றால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை இல்லாத மேற்சுரங்களை ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்று காட்டும் படத்தில்) உண்டாக்கும். பிறகு அதை ‘புது வகைக் குரல்’ என்று எழுதுபவர்களும் உண்டு. 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், பெருக்கத்தைக் குறைத்தே வையுங்கள். மெல்லிய ஒலியைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டதை ஒட்டவைக்க வழியில்லை. முன்பெருக்கியே வெட்டினால் ரெக்கார்டரில் பெருக்கத்தைக் குறைத்தும் பயனில்லை. ரெக்கார்டரின் மட்டம் உச்சத்துக்குக் கீழேயே இருந்தும் அலையின் தலை தட்டையாகத் தெரிந்தால் அதுதான் கோளாறு.

ஹைட்ரோபோனைப் பனியின் அடியிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது கீழே இறக்குங்கள். அடிப்பரப்பை ஒட்டி வைத்தால் நேரே வரும் தாழ் அதிர்வெண்ணும் மேலே பட்டுத் திரும்பும் அதே அதிர்வெண்ணும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துபோகும். பனி உரசும் சத்தமும் அங்கே அதிகம். கடலடி ஆழம் குறைந்த இடமென்றால் எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது: மக்மர்டோ போன்ற இடங்களில் ஏறத்தாழ 15 மீட்டர் ஆழம் வரை கடலடியிலேயே பனிப்படிகம் வளர்ந்து, கீழே வைத்த கருவியைப் பற்றிக்கொண்டு மேலே மிதக்கவிடும். கயிற்றிலும் தகடு தகடாகப் பனி ஒட்டும்.

கேபிளை நேரடியாகக் கட்டித் தொங்கவிடாதீர்கள். நீரோட்டம் அதைத் தந்திக்கம்பிபோல் மீட்டும்; 5 முதல் 50 ஹெர்ட்ஸில் விட்டுவிட்டு உறுமல் விழும். அதைத் திமிங்கிலம் என்று எண்ணிய குழுக்கள் உண்டு. ஹைட்ரோபோனுக்கு மேலே ஒரு மீட்டர் ரப்பர் கயிறு, கீழே 3 முதல் 5 கிலோ எடை. கேபிளைத் தொய்வாக விட்டு இழுவிசை முழுதும் கயிற்றின் மேல் விழும்படி கட்டுங்கள். அப்படியும் உறுமல் வந்தால், கேபிளின் நீளத்துக்குக் குஞ்சம் குஞ்சமாகக் கயிற்றிழைகளைக் கட்டுங்கள், சுழல் உடைந்துவிடும்.

துளை ஒரே இரவில் உறையும். கேபிள் பனியில் பிடித்துக்கொண்டால் இரும்புக் கடப்பாரையால் குத்தத் தோன்றும். அதில்தான் கேபிள் அறுபடும். முன்கூட்டியே பனியின் முழுத் தடிமனையும் தாண்டும் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் வழியே கேபிளை விடுங்கள். துளையை ஃபோம் பலகையால் மூடி, மேலே பனித்தூள் குவித்துவையுங்கள். உறைவைத் தடுக்கத் துளைக்குள் எந்தத் திரவத்தையும் ஊற்றக் கூடாது. 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கையின்படி அண்டார்க்டிகாவில் கருவி வைப்பதற்கே முன்னனுமதியும் சுற்றுச்சூழல் மதிப்பீடும் வேண்டும். வைத்ததைத் திரும்ப எடுப்பதும் உங்கள் பொறுப்பு.

பேட்டரி: சாதாரண ஆல்கலைன் குளிரில் துவண்டுவிடும், லித்தியம் கொண்டுபோங்கள். வேடிக்கை என்னவென்றால், மேலே மைனஸ் 25 டிகிரி அடிக்கும்போது கருவிக்கு மிகக் கதகதப்பான இடம் மைனஸ் 1.9 டிகிரி நீர்தான். முடிந்தால் ரெக்கார்டரையும் நீருக்குள்ளேயே இறக்குங்கள். ரெக்கார்டரின் உறையைச் சூடான அறையில் மூடினால் உள்ளே அடைபட்ட ஈரம் நீரில் இறங்கியதும் சுற்றுப்பலகையில் துளிர்க்கும். உலர்ந்த குளிர் அறையில், சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். உறையின் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி இருந்தாலும் நீர் புகும். ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்து, மெல்லிய சிலிகோன் கிரீஸ் பூசுங்கள்.

மேலே நடக்கும் காலடி கீழே தெளிவாகக் கேட்கும். ஜெனரேட்டர் ஓடினால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஆடாத கோடுகள் விழும். பதிவு நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள், பனிவண்டியை நிறுத்துங்கள், ஆட்கள் தள்ளிப் போகட்டும். இறக்கியவுடன் வரும் முதல் அரைமணியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். சீல்களும் உங்களைக் கேட்டு அடங்கியிருக்கும்.

கேள்வி: எவ்வளவு மெமரி வேண்டும்? ஓராண்டு விட்டுவைக்க எண்ணம்.

பதில்: 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்கு 346 எம்பி, நாளுக்கு 8.3 ஜிபி, ஆண்டுக்கு 3 டிபி. முன்பு சொன்ன 24 பிட் என்றால் இது ஒன்றரை மடங்கு. இதில் 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் விழும். வெடல் சீலின் மீயொலியும் வேண்டுமென்றால் 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நாளுக்கு ஏறத்தாழ 50 ஜிபி. ஓராண்டுக்கு யாரும் அப்படி வைப்பதில்லை. அரைமணிக்கு ஐந்து நிமிடம் என்று விட்டுவிட்டுப் பதிந்தால் ஆறில் ஒரு பங்காகிவிடும். 3 டிபி 505 ஜிபி ஆகும். மணிக்கணக்காகப் பாடும் சிறுத்தை சீலுக்கு இது தாராளம். கடந்துபோகும் ஓர்கா திமிங்கிலக் கூட்டத்தைத் தவறவிடுவீர்கள், அதற்குத் தயாராக இருங்கள். கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வையுங்கள். ஓராண்டில் அது நிமிடக்கணக்கில் விலகலாம். இறக்கும்போதும் எடுக்கும்போதும் ஜிபிஎஸ் நேரம் பார்த்து உறையை மூன்று தட்டு தட்டிக் குறித்துக்கொண்டால் இடைப்பட்ட விலகலைச் சரிசெய்யலாம்.

கேள்வி: அண்டார்க்டிகப் பதிவு ஒன்றில் வாத்து கத்துவதுபோல் ‘குவாக்’ என்ற ஒலி, மூன்று நொடிக்கு ஒருமுறை, மணிக்கணக்கில் வருகிறது. கருவியின் கோளாறா? இல்லை சீலா?

பதில்: இரண்டும் இல்லை. 1960களில் நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் இதே சந்தேகத்தோடுதான் இதற்கு ‘பயோ-டக்’ என்று பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டு யாருக்கும் ஆள் அகப்படவில்லை. 2013இல் அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் வில்ஹெல்மினா விரிகுடாவில் திமிங்கிலங்களின் முதுகில் உறிஞ்சு கிண்ணத்தால் ஒட்டிய பதிவுக்கருவிகளில் அது விழுந்தது. அண்டார்க்டிக் மின்கித் திமிங்கிலம் என்று 2014இல் வெளியிட்டார்கள்.

கருவிக் கோளாறா என்று பார்க்க ஒரு வழி: இடைவெளியை மில்லிநொடிக் கணக்கில் அளந்து பாருங்கள். மெமரி கார்டில் எழுதும்போது விழும் மின்சத்தம் துல்லியமாக ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், எல்லாக் கோப்பிலும் வரும். உயிரினத்தின் குரல் சற்றே முன்பின் ஆடும், சத்தம் ஏறி இறங்கும், நடுவில் நிற்கும்.

கேள்வி: ஆர்க்டிக்கில் வளையச் சீல் ஏன் இவ்வளவு அமைதி? அண்டார்க்டிகாவில்தானே கூச்சல்?

பதில்: பனியின் மேல் நின்று வேட்டையாடும் விலங்கு அண்டார்க்டிகாவில் கிடையாது; ஆர்க்டிக்கில் பனிக்கரடி இருக்கிறது. வளையச் சீல் முன்கால் நகத்தால் சுரண்டி வைத்திருக்கும் சில மூச்சுத்துளைகளையும் பனிப்பொந்தையும் விட்டு நகர முடியாது. அங்கே சத்தம் போட்டால் கரடிக்கு விலாசம் கொடுத்ததாகிவிடும். அதன் குரல்கள் குட்டையான, மெல்லிய குரைப்பும் முனகலும்தான். நல்ல பதிவிலும் ஒலிமட்டத்தைத் தூக்கித்தான் தேட வேண்டும்.

‘அப்படியானால் தாடி சீல் மட்டும் ஏன் கத்துகிறது, அதையும் கரடி தின்கிறதே?’ என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் உடைந்து நகரும் பனிக்கு இடையே வாழ்வது. ஒரே துளையை நம்பியில்லை. அதன் டிரில் ஒரு நிமிடத்துக்கு மேலும் நீளும், திருகுபோல் சுற்றிச்சுற்றி இறங்கும், அமைதியான நாளில் 10 கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் தனித்தனி ஆண்களைக் குரலை வைத்தே அடையாளம் கண்டு பின்தொடர்ந்தபோது, சில ஆண்கள் ஆண்டுதோறும் அதே எல்லைக்குத் திரும்புவதும், மற்றவை அலைந்து திரிந்து பாடுவதும் தெரிந்தது. வசந்தத்தில் உச்சத்துக்குப் போகும் பாட்டு கோடை நடுவில் அறவே அடங்கிவிடும்.

கேள்வி: சீல் இல்லாத நேரத்தில் கடல் அமைதியாக இருக்குமா?

பதில்: உறைந்த, காற்றில்லாத குளிர்கால இரவில் துருவக் கடல் மிக அமைதியான கடல்களில் ஒன்று. வெப்பம் சட்டென்று இறங்கினால் பனி சுருங்கிப் படபடவென வெடிக்கும். பனிமலை தரைதட்டினாலோ ஒன்றோடொன்று உராய்ந்தாலோ சில ஹெர்ட்ஸிலிருந்து ஏறி இறங்கும் நீண்ட முழக்கம் எழும். 1997இல் தென் பசிபிக்கில் பதிவாகிப் பெரும் கற்பனைகளைக் கிளப்பிய ‘ப்ளூப்’ கூடப் பனி உடைந்த சத்தம்தான். அதில் கடல் அரக்கனைத் தேடியவர்களுக்கு ஏமாற்றம். பனியாறு கடலில் முடியும் குறுகிய வளைகுடாக்களோ நேரெதிர்: பனிக்குள் பல வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்ட பழங்காற்றுக் குமிழிகள் உருகும்போது ஒவ்வொன்றாக வெடிக்கும். அந்தச் சத்தம் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் உச்சம் பெற்று, இடைவிடாமல் சீறும். அங்கே சீலின் நடுத்தர அதிர்வெண் குரல்கள் மூழ்கிவிடும். ஹைட்ரோபோனைப் பனியாற்று முகத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: குரல்களை எண்ணினால் சீல்களின் எண்ணிக்கை கிடைக்குமா?

பதில்: நேரடியாகக் கிடைக்காது. பாடுவது பெரும்பாலும் ஆண்கள். அதிலும் ஒரே ஆண் சிறுத்தை சீல் இரண்டு நிமிடம் முழுகிப் பாடி, இரண்டு நிமிடம் மேலே மூச்சுவாங்கி, திரும்ப முழுகி என்று மணிக்கணக்கில் தொடரும். ஆயிரம் குரல் ஒரு சீலாகவும் இருக்கலாம். காற்று வீசினால் கேட்கும் வட்டம் சுருங்கும், எண்ணிக்கையும் குறைந்ததுபோல் தெரியும்.

கிடைப்பது வேறு விஷயம்: எந்த மாதத்தில் எது அங்கே இருக்கிறது என்பது. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம் 2005 டிசம்பரில், அண்டார்க்டிகாவிலுள்ள தன் நாய்மேயர் ஆய்வு நிலையத்துக்கு அருகே எக்ஸ்ட்ரோம் பனித்தட்டின் ஏறத்தாழ 100 மீட்டர் தடிமனைத் துளைத்து இறக்கிய ‘பலாவோவா’ ஹைட்ரோபோன்கள் இதைத்தான் காட்டின. வெடல் சீல் ஆண்டின் பெரும்பகுதி, நண்டுண்ணி சீல் ஆகஸ்டிலிருந்து டிசம்பர், சிறுத்தை சீல் அக்டோபரிலிருந்து ஜனவரி, சைரன்போல் ஏறி இறங்கும் ராஸ் சீல் டிசம்பரிலிருந்து பிப்ரவரி. ஒலியை அடையாளம் காணுமுன் பதிவின் தேதியைப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும்.

எத்தனை பேர் பாடுகிறார்கள் என்றாவது தெரிய வேண்டுமென்றால் குறைந்தது மூன்று ஹைட்ரோபோன்களைச் சில நூறு மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒலி ஒவ்வொன்றையும் அடையும் நேர வித்தியாசத்திலிருந்து திசையும் இடமும் கணக்கிடலாம். மூன்றும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். கடிகாரங்களுக்கு இடையே 10 மில்லிநொடி பிசகினால், நொடிக்கு 1,440 மீட்டர் வேகத்தில், தூர வித்தியாசம் 14 மீட்டர் பிசகும். மூன்று தனித்தனி ரெக்கார்டர்களை வாங்கிப் போட்டுவிட்டு அந்தக் கணக்கில் இறங்காதீர்கள்.